ரிப்கா ஸை

"இது யார்ட தமிழ்? சொல்லு ரிப்கா, யார்ட தமிழ் இது?"

"என்ட தமிழ்தான்."

"உன்ட தமிழா? நீ எப்ப தொடக்கம் இப்பிடிக் கதைக்கிற? 'வாசிப்பவர் யார், எவ்வூரவர், இவற்றை அறி. பிறகே எழுது.' அறியாம், எழுதாம்! ராசா முரசு அறைஞ்சு கட்டளை போடுற மாதிரி இரிக்கு!"

"முரசு அறைஞ்சா என்ன காக்கா? விடை சரியா பிழையா, அதைச் சொல்லுங்க."

"'எனது கருத்து' எண்டு எழுதத் தெரியாதா உனக்கு? 'இதை எழுதுபவள் கருத்து' எண்டு கிடக்குது. யார் அந்த எழுதுபவள்? கொம்பியூட்டருக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறாளா?"

"நான்தான் அந்த எழுதுபவள்!"

நான் அந்த நேரம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சேலையை எத்தனை தடவை உதறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பதை ஒட்டுக்கேட்பவள் என்று என்னைச் சொல்வார்கள். அவர்கள் அவ்வளவு சத்தமாகக் கத்தினால் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றது மூன்றாவது குரல். வாப்பா ஸைனுலாப்தீன். "கனகம்மா வேலியடியில நிக்கிறா."

"நிக்கட்டும் வாப்பா," என்றாள் ரிப்கா. "எப்பிடியும் பத்து மணிக்குள்ள அவவுக்குத் தெரியத்தானே போகுது."

இந்தப் பிள்ளைக்கு என்மேல் உள்ள மரியாதையே தனி.

போன வாரம் என் கதை கேட்க வராதவர்களுக்கு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரி, அதாவது இந்தப் பிள்ளைகளின் உம்மா, தன் தங்கையோடு மக்காவுக்கு உம்றா யாத்திரை போயிருக்கிறாள். அவள் இல்லாத வீட்டில் மூன்று பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது வீட்டில் இருக்கிறவர்களை ஓட்டிக்கொண்டிருக்கும் ஸைனுலாப்தீன். நகரத்தில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்துக்கு இணையத்தில் பாடங்கள் செய்து கொடுக்கும் மகன் அர்ஷாக், ரிப்கா 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன். அதே நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு டிப்ளோமா படிக்கும் மகள் ரிப்கா.

ரிப்காவுக்குப் பிறந்ததிலிருந்து கை நடுங்கும். மவுஸைப் பிடித்தால் திரையில் அம்புக்குறி கரைவலையில் அகப்பட்ட நண்டு மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும். ஆனால் விசைப்பலகையில் ஒவ்வொரு விசையாக அழுத்தினால் எழுத்துப் பிசகாது. பொறுமையாக அடிப்பாள், பிழையில்லாமல் அடிப்பாள்.

பிரச்சினை என்னவென்றால், அர்ஷாக் செய்த பாடங்களில் 'அடுத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. அது உண்மையில் பொத்தானே இல்லையாம், பொத்தான் மாதிரி ஒரு படமாம். மவுஸால் தொட்டால் அடுத்த பக்கம் போகும். விசைப்பலகைக்கு அப்படியொரு சாமான் அங்கே இருப்பதே தெரியாது. கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு கைபிடியைத் தேடுகிற கணக்கு.

தங்கச்சி படுகிற பாட்டைப் பார்த்து அர்ஷாக் என்ன செய்தான்? பணிப்பாளரோடு சண்டை பிடித்து, அவளுக்கென்றே 'கீபோர்ட் முறை' என்று ஒன்றைச் செய்து கொடுத்தான். அதைப் போட்டுவிட்டு N அடித்தால் அடுத்த பக்கம், B அடித்தால் முந்தின பக்கம். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அவன் அடித்த தம்பட்டம்! உட்துறைமுக வீதியில் இரண்டு கால் இருக்கிற எல்லாருக்கும் சொன்னான். தெருவுக்கே பற்றிஸ் பலகாரம் கொடுத்தான். எனக்கு இரண்டு கிடைத்தது.

இவ்வளவும் போன வாரம் சொன்னது. இந்த வாரம், சோதனை எழுதிய கையோடு குண்டு விழுந்திருக்கிறது. விடைத்தாள் திருத்துகிற சனூஸா மிஸ், ரிப்காவின் தாளில், 'இயல்பான தமிழாக இல்லை. இயந்திரம் எழுதியதாகச் சந்தேகம்' என்று குறிப்பு எழுதிவிட்டாள். இன்று பின்னேரம் விசாரணை. களவு என்று முடிவானால் ரிப்காவின் பெயரை வெட்டிவிடுவார்கள், திரும்பச் சேர முடியாது. டிப்ளோமா கையில் வந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கொழும்புக் கம்பனி ஒன்று சொல்லி வைத்திருக்கும் வேலையும் அதோடு போச்சு. ரிப்கா தன் காலில் நிற்பதற்கு இருந்த ஒரே வழி அது.

சனூஸா என்ற பெயர் போன வாரமும் வந்தது, ஞாபகமிருக்கும். கலியாணத் தரகர் அர்ஷாக்குக்குக் கொண்டுவந்த கிண்ணியாச் சம்பந்தம் அதே சனூஸாதான். "ஒஃபிசில முகத்தைப் பார்த்தாலே சண்டைக்கு வாறவள்" என்று சொல்லி இவன் தட்டிக்கழித்துவிட்டான்.

*

வெறுங்கையோடு போனால் விடுப்புப் பார்க்க, வம்பு தேட வந்ததாக நினைப்பார்கள். கொஞ்சம் பயற்றம் பணியாரத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு போனேன்.

முன் விறாந்தையில் ஸைனுலாப்தீன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்ன காக்கா, பிள்ளையை நினைச்சுக் கவலையா?"

"பிள்ளை களவா எழுதினா எண்டு நான் நம்பல்ல தங்கச்சி. எனக்குக் கவலை வேற." குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் முன்பு கப்பலில் இருக்கிறவனுக்குக் கேட்கும். இப்போது தெருவுக்கு மட்டும் கேட்கும். "சோதனையில மொதல் பெட்டி, முழுப் பெயர் எழுதுற பெட்டி. அதில என்ன எழுதியிருக்கிறா தெரியுமா? 'ரிப்கா ஸை.'"

"என்னது?"

"ரிப்கா. ஸை. அவ்வளவுதான். ஸைனுலாப்தீன் எண்டு வாப்பாட பெயரை எழுத வேண்டிய இடத்தில 'ஸை!' மீன் அழுகிப்போனா சொல்லுவமே, சை எண்டு, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பணியாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன்.

"நேரம் போதாம விட்டிருப்பா காக்கா."

"மொதல் பெட்டியில நேரம் போதாமப் போகுமா? அவவுக்கு என்னில கோபம். தனிய ஆட்டோவில அனுப்ப மாட்டன் எண்டு சொன்னதுக்கு."

உள்ளே ரிப்கா கணினிக்கு முன்னால் சும்மா இருந்தாள். திரை அணைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அன்ரி, பணியாரம் எங்க, விறாந்தையோட முடிஞ்சுதா?"

"கதையை மாத்தாத புள்ள. வாப்பாட பெயரை ஏன் அரைவாசியில விட்டனீ?"

அவள் முகம் மாறியது. "அதையும் பார்த்திட்டாரா?"

"பார்த்திட்டார். சை எண்டு வாசிக்கிறார்."

ரிப்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்ரி, நான் களவெடுக்கல்ல. அவ்வளவுதான் இப்ப சொல்லேலும். மிச்சத்தைச் சொன்னா காக்கா செய்த எல்லாத்தையும் பணிப்பாளர் பிடுங்கி எறிஞ்சிடுவார். 'ஒரு பிள்ளைக்காக இவ்வளவு கரைச்சலா' எண்டு முந்தியே கேட்டவர் அவர். பிறகு எனக்கும் ஒண்டுமில்ல, எனக்குப் பின்னால வாற பிள்ளைகளுக்கும் ஒண்டுமில்ல."

"அதுக்காக, செய்யாத களவுக்குத் தலையைக் குடுப்பியா?"

"நான் ஒருத்திதானே போவன்."

அதற்குமேல் கேட்பதற்குள் மக்காவிலிருந்து உம்மா வீடியோவில் வந்துவிட்டாள். அதுவரை ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டிருந்த மூவரும் ஒரே நொடியில் ஒரே கட்டிலில் வந்து இருந்து, பல்லைக் காட்டினார்கள்.

"எல்லாரும் சுகமா?"

"ஓம் உம்மா, நல்ல சுகம்!"

"ஏன் கனகம்மா அங்க நிக்கிறா? என்ன பிரச்சினை?"

பார்த்தீர்களா, நான் நிற்பதை வைத்தே கண்டுபிடிக்கிறாள்.

*

விசாரணைக்குப் போகும்போது பெண் துணை வேண்டும் என்று ஸைனுலாப்தீன் சொன்னார். நான் ஏற்கனவே சேலை மாற்றியிருந்தேன்.

நிறுவனம் மாடியில். வாசலில் எங்கள் திருகோணமலைத் தெருவில் சுற்றித் திரியும் மான் இரண்டு படுத்திருந்து வழியை மறித்தன. ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை, ரிப்காதான் இறங்கி ஓரமாகச் சுற்றிப் போனாள். அர்ஷாக் எங்களோடு வரவில்லை, மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டான். தங்கச்சியோடு ஒன்றாக வந்தால் கூட்டு என்று நினைப்பார்களாம்.

உள்ளே பணிப்பாளர், சனூஸா, அர்ஷாக், ரிப்கா, வாப்பா. எனக்கு வெளியே ஒரு கதிரை. ஏசி அறையின் கண்ணாடிக் கதவு சரியாகப் பொருந்தாது. நான் அதைத் தொடவில்லை, அது தானாகவே திறந்துதான் இருந்தது.

"மகள், நாங்க உங்களைக் குற்றம் சொல்ல இல்ல," என்று பணிப்பாளர் தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். "நீங்க எழுதினதா, மெஷின் எழுதினதா? ஒரு சொல்லில சொல்லுங்க."

"நான் எழுதினது சேர்."

"அப்ப ஏன் இப்பிடி இரிக்கு?"

ரிப்கா அர்ஷாக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தாள்.

சனூஸா கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். சண்டைக்காரி என்று அர்ஷாக் சொன்னானே, எனக்கு அப்படித் தெரியவில்லை. நித்திரை இல்லாத முகம். "ரிப்கா, வருசம் முழுக்க நீங்க மெயிலில அனுப்பின ஒப்படைகளத் திருத்தினது நான். அதில இருந்த ரிப்காவை எனக்குத் தெரியும். பகிடி விடுவா, நீளமா எழுதுவா. இந்தத் தாளில இரிக்கிற ஆளை எனக்குத் தெரியாது. அதுதான் எழுதினனான். பிழையெண்டா பிழையெண்டு காட்டுங்க, நானே வெட்டுறன்."

ரிப்கா தாளைத் தொடவில்லை. அர்ஷாக் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பணிப்பாளர் பெருமூச்சு விட்டார். "இந்தக் கீபோர்ட் முறையால எங்களுக்கு வந்தது கரைச்சல்தான். பாவிச்சது ரெண்டே ரெண்டு பிள்ளைகள். ஒண்டு இப்பிடி. மற்றது அரைவாசியில விட்டுட்டு ஓடிட்டுது."

ரிப்காவின் தலை நிமிர்ந்தது. "மற்றது யார் சேர்?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத..."

"கிளிவெட்டியில ஒரு தம்பி," என்றாள் சனூஸா. "விபத்தொண்டில விரல் மடங்காமப் போனவர். பென்சிலைக் கட்டிக்கொண்டு அதால அடிக்கிறவர். விருப்பமில்லாம விலகினதாப் பதிஞ்சிட்டம். பெயர்ப் பெட்டியில ஒரு எழுத்து, 'த'. முதல் விடை, 'மொழிபெயர்ப்பு எ'. அதோட நிண்டுட்டுது. மற்றதும் அப்பிடித்தான், ஒரு சொல், அரைச் சொல்."

"அவர்ட பெயர்?"

"தனுசன்."

ரிப்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது அவளுடைய குரல் காலையில் வேலிக்கு மேலால் வந்த அதே குரல்.

"அவர் விலகல்ல மிஸ். அவருக்கு அவர்ட பெயரே எழுதேலாமப் போயிருக்கு. காக்கா, கொம்பியூட்டரைத் திறங்க. சோதனைப் பக்கம், கீபோர்ட் முறை. பெயர்ப் பெட்டியில எழுதுங்க."

"என்னத்த?"

"வாப்பாட பெயரை."

"நான் எல்லாம் அடிச்சுப் பார்த்துத்தானே..."

"எழுதுங்க காக்கா."

அர்ஷாக் அடித்தான். ஸ வந்தது, ஸை வந்தது. அடுத்த விசையைத் தொட்டான். பெட்டியைக் காணவில்லை. திரையில் முதலாவது கேள்வி வந்து நின்றது. திரும்பிப் போக வழியில்லை, சோதனையில் பின்பக்கம் போவதை அவனே பூட்டி வைத்திருந்தான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஸை. கேள்வி.

"யா அல்லாஹ்," என்றார் ஸைனுலாப்தீன். "என்ட பெயர் இதாலயா போச்சு!"

விசயம் இவ்வளவுதான். ரிப்கா தமிழ் அடிப்பது, நம் பிள்ளைகள் எல்லாரும் அடிப்பது மாதிரி, ஆங்கில விசையில் ஒலிப்படி. N அடித்தால்தான் ந வரும், ன வரும், ண வரும். ங, ஞ என்றாலும் அந்த N-ஐத் தொடாமல் வராது. அதே N-ஐத்தான் அர்ஷாக் 'அடுத்த பக்கம் போ' என்று வைத்திருந்தான். வருசம் முழுக்கப் பாடத்தை வாசித்து, விடையைத் தெரிவு செய்வதோடு போனதால் யாருக்கும் தெரியவில்லை. தமிழில் நீளமாக எழுத வைத்தது சோதனையில்தான் முதல் தடவை.

"நீங்க என்னத்த அடிச்சுப் பார்த்தீங்க காக்கா?"

அர்ஷாக் விசைப்பலகையைப் பார்த்தான். "A S D F," என்றான்.

"அதில N எங்க?"

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் சோதனை. அதைச் செய்தவனும் தமிழில்தான் கனாக் காண்கிறவன். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, விரலுக்கு அடியில் கிடந்த நான்கு ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டுப் பற்றிஸ் வாங்கப் போயிருக்கிறான்.

"பெயர் அறுந்தபோது விளங்கல்ல," என்றாள் ரிப்கா. "முதல் கேள்விக்கு 'மொழிபெயர்ப்பு என்பது' எண்டு தொடங்கினன். 'எ'யோட பக்கம் பாய்ஞ்சிட்டுது. அப்பதான் பிடிபட்டுது. முறையை நிப்பாட்டினா மவுஸ் இல்லாம அடுத்த கேள்விக்குப் போகேலாது. உதவிக்கு அறைக்குள்ள யாரும் வரக்கூடாது எண்டு சட்டம். அதால அந்த எழுத்து இல்லாத சொல்லாத் தேடித் தேடி எழுதினனான். 'நான்' இல்ல, 'என்' இல்ல. 'வேண்டும்' இல்ல. 'மனிதன்' இல்ல."

சனூஸா விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் போனாள். கடைசிப் பக்கம்வரை போனாள். திரும்ப முதலிலிருந்து போனாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஒரு ன கூட இல்ல சேர்," என்றாள். "முதல் விடை அறுந்திருக்கு, மற்ற எல்லா விடையிலயும் பொருளும் சரி. ன இல்லாமத் தமிழில ஒரு பக்கம் எழுதின பிள்ளைக்கு மொழி தெரியாது எண்டு நான் எழுதி வைச்சிருக்கிறன்." தான் எழுதிய குறிப்பின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

பணிப்பாளர் ரிப்காவின் பக்கம் திரும்பினார். "ஏன் அண்டைக்கே சொல்லல்ல மகள்?"

"சொன்னா முறையைக் கழட்டிடுவீங்க எண்டு பயந்தன். கிளிவெட்டித் தம்பிக்கும் இப்பிடி ஆகியிருக்கு எண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே கத்தியிருப்பன்."

"கழட்டத்தான் வேணும் போல இரிக்கு," என்றார் அவர். "இவ்வளவு பிழை வருமெண்டா..."

"கழட்டேலாது சேர்!" அர்ஷாக் எழும்பி நின்றுவிட்டான். காது சிவந்திருந்தது. "என்ட N-ஐத்தான் கழட்டோணும். அவ மொதல் நாளே கேட்டது வேற. நான் கெட்டிக்காரன் எண்டு காட்ட வேற ஒண்டைச் செய்தனான்."

"என்ன கேட்டவ?"

ரிப்காவே சொன்னாள். "பெரிசா ஒண்டுமில்ல சேர். 'அடுத்து' எண்ட படத்தை எடுத்திட்டு உண்மையான பொத்தான் வைக்கச் சொன்னன். டேப் அடிச்சா ஒண்டொண்டா நகரோணும். எதில நிக்கிறன் எண்டு தெரியிறதுக்குச் சுத்திவர ஒரு நீலக் கோடு. என்டர் அடிச்சா அமுங்கோணும். அப்பிடிச் செய்தா எனக்கெண்டு தனி முறையே தேவையில்ல. எல்லாருக்கும் ஒரே பக்கம்."

"நீலக் கோடு மொதல்ல இருந்தது," என்றான் அர்ஷாக், பணிப்பாளரைப் பார்க்காமல்.

பணிப்பாளர் மேசையில் கிடந்த பேனையை நேராக வைத்தார். "ஓம். வடிவில்ல எண்டு நான்தான் எடுக்கச் சொன்னனான்."

கதவிடுக்கில் என் கதிரை ஒரு சத்தம் போட்டது. என்ன செய்வது, முன்னால் சாய்ந்துவிட்டேன்.

முடிவு இது: ரிப்காவின் பெயரை யாரும் வெட்டவில்லை. பக்கத்தைத் திருத்தி, முதலில் ரிப்காவும் தனுசனும் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகு, இருவருக்கும் மறுசோதனை. திருத்தப்போவது சனூஸா. தட்டிப் பார்க்கும்போது A S D F என்ற நான்கையும் யாரும் தொடக்கூடாது என்று அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அர்ஷாக் அதற்குச் சிரித்தான். ஒஃபிசில் முகத்தைப் பார்த்தாலே சண்டைக்கு வருகிறவளைப் பார்த்துச் சிரித்தான். நான் குறித்துக்கொண்டேன்.

*

வீட்டுக்கு வந்ததும் ஸைனுலாப்தீன் செய்த முதல் வேலை, காலையில் தான் தொடாமல் வைத்திருந்த பணியாரத்தை எடுத்து மகளுக்கு ஊட்டியது.

"வாப்பா, எனக்குக் கை இரிக்கு."

"இரிக்கட்டும். என்ட பெயரை எழுதின கை, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

"அரைவாசிதானே எழுதின."

"அந்த அரைவாசி போதும் மகள். சை எண்டாலும் பரவாயில்ல."

அர்ஷாக் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பக்கத்தைத் திருத்தினான். ரிப்கா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டாள். இந்த முறை அவன் எதையும் முடித்துவிட்டுக் காட்டவில்லை. ஒவ்வொன்றாகச் செய்தான், ஒவ்வொன்றாக அவளை அடிக்க விட்டான்.

"டேப் அடி."

"அடிச்சாச்சு. கோடு தெரியுது. இன்னொண்டு. ஐயோ காக்கா, பெயர்ப் பெட்டியில இருந்து நேர கடைசிக்குப் பாயுது!"

"பொறு, பொறு. இப்ப?"

"இப்ப சரி. இப்ப எழுதட்டா?"

"என்னத்த எழுதப்போற?"

"நன்னாரி, பன்னீர், வெந்நீர், தண்ணீர்."

"தாகமா இரிக்கா?"

"எல்லாத்திலயும் N இரிக்கு."

நான்கும் வரிசையாக விழுந்தன. பக்கம் அசையவில்லை. நான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். தட்டை எடுக்கப் போனேன்.

இருட்டுவதற்கு முன்பே சனூஸா தனுசனின் போன் இலக்கத்தை அனுப்பினாள். ரிப்கா கிளிவெட்டிக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் கூச்சமான குரல்.

"ஆர் கதைக்கிறது?"

"நான் ரிப்கா, திருகோணமலை. உங்களோட அதே சோதனையை எழுதின ஆள். நீங்க சோதனையை ஏன் விட்டீங்க?"

"நான் விடேல்ல. எழுத எழுத ஓடிப்போச்சு. பென்சில் வழுக்குது எண்டு நினைச்சன். நுனியில ரப்பர் எல்லாம் சுத்திப் பார்த்தனான். கடைசியில அம்மாட்டச் சொல்லிப்போட்டன், என்ர கைக்கு இது சரிவராது, காணும் எண்டு."

அர்ஷாக் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"உங்கட கையில பிழையில்ல," என்றாள் ரிப்கா. "பென்சிலிலயும் பிழையில்ல. பக்கத்திலதான் பிழை. செய்த ஆள் இங்க என்ட பக்கத்தில, நிலத்தில இரிக்கிறார்."

"தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றான் அர்ஷாக் போனுக்குள். தெருவுக்கெல்லாம் தம்பட்டம் அடித்த அதே வாய்.

"இப்ப லிங்க் ஒண்டு அனுப்பியிருக்கு, அதைத் திறங்க," என்றாள் ரிப்கா. "பெயர்ப் பெட்டியில உங்கட பெயரை எழுதிப் பாருங்க."

பென்சில் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டும்போதே அவன் எழுத்துகளைச் சொன்னான்.

"த..."

நாங்கள் எல்லாரும் போனுக்கு மேல் குனிந்தோம்.

"னு... ச... ன்." பிறகு, மெதுவாக: "நிக்குது. அம்மா, இங்க வந்து பாருங்கோ. போகேல்ல. அங்கேயே நிக்குது!"

*

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழியில் மறித்துக் கேட்பீர்கள்.

இரண்டு பேரும் மறுசோதனை எழுதினார்கள், இரண்டு பேரும் தேறினார்கள். ரிப்காவின் சான்றிதழில் 'ரிப்கா ஸைனுலாப்தீன்' என்று முழுசாக இருந்தது. ஸைனுலாப்தீன் அதை மீன்காரருக்குக்கூட வாசித்துக் காட்டினார்.

தரகருக்கு வேலை வைக்காமல் அர்ஷாக் தானாகவே போய்ச் சனூஸாவைக் கேட்டான். கலியாணம் முடிந்ததும் நம்மூர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு, கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் செய்கிற எந்தப் பக்கத்தையும் இப்போது சனூஸா முதலில் மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் பார்க்கிறாளாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் கீபோர்டை மட்டும் நம்பி இருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்வி. பணிப்பாளர் இப்போது நீலக் கோட்டைத் தன்னுடைய யோசனை என்று சொல்லித் திரிகிறார்.

மகன் போவான், மகள் இருப்பாள், வீடு மகள் பெயரில் எழுதியாயிற்று. அப்படித்தான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அந்தக் கொழும்புக் கம்பனி, மற்றவர்களின் பக்கங்களைச் சரிபார்த்துப் பழக்க ஆள் வேண்டும் என்று ரிப்காவை நேரில் வரச் சொல்லிவிட்டது. தனியாக ஆட்டோவில் அனுப்ப மாட்டேன் என்ற ஸைனுலாப்தீன், கொழும்பு பஸ்ஸில் தனியாக ஏற்றிவிட்டுக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். உம்மா அழுதாள். நானும் அழுதேன், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டுதான் அழுதேன். அதனால்தான் கவனித்தேன்: ஜன்னலோரம் இருந்த ரிப்கா, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து யாரையும் இருக்க விடவில்லை.

அதே பஸ்ஸில் போன நம் தெருத் தையல்காரி சொன்னாள், கிளிவெட்டிப் பக்கத்தார் கொழும்பு பஸ் பிடிக்கிற கந்தளாயில் ரிப்கா அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். ஏறியது யார் என்றால், தெரியாதாம். இறங்குகிற கூட்டத்தோடு தையல்காரியும் இறங்கிவிட்டாளாம். இப்படியும் ஒரு சாட்சி!

பொறுக்க முடியாமல் அன்றைக்கே போன் எடுத்தேன். "புள்ள, பக்கத்தில யார் இருக்கிறது? பெயரை மட்டும் சொல்லு, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

பஸ் இரைச்சலுக்கு நடுவே ரிப்கா சிரித்தாள்.

"அதில ன இரிக்கு அன்ரி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.